ஹைளின் நாட்கணக்கு



வியாபாரிகளின் சங்க இதழில் மாதவிடாயைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அன்சாரிப் பெண்மணிகளை ஆயிஷா நாயகியார் (ரலி) அவர்கள் புகழ்ந்ததற்குக் காரணமே, மார்க்கத்தை விளங்கிக்கொள்ள அவர்களுடைய நாணம் குறுக்கே நிற்கவில்லை என்பதுதான். அப்பெண்மணிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரில் கேட்டுத் தெளிந்தவற்றை நம் ஆண்பிள்ளைகள் மதரஸாவில் ஓதுகிறார்கள். கடையில் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறார்கள். தொழுகை, நோன்பு, ஹஜ்ஜு, உம்ரா, இத்தா ஆகிய எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு வந்து நுழைகிறது. மேலும், இதனை அறியாத கணவன் தன் அறியாமைக்கு மனைவியைக் குற்றவாளியாக்குகிறான். அப்படி ஒரு சம்பவத்தால்தான் இக்கட்டுரையே எழுத நேர்ந்தது.

2023 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள், இஷாத் தொழுகைக்குப் பின் சங்கக் கூடத்தில் ஜவுளி வியாபாரியான நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். கணக்கில் கெட்டிக்காரர், நூறு உருப்படிச் சரக்கின் அடக்க விலையை மனத்திலேயே போட்டுச் சொல்லக்கூடியவர். அவ்வாண்டு ரமலானில், ஏப்ரல் 1 ஆம் தேதி, அவர் வீட்டாருக்கு ஹைளு தொடங்கிற்று. அதனோடு 28 நாளைக் கூட்டினார். ஏப்ரல் 29 வந்தது. அங்கிருந்து ஏழு நாளை விட்டார். மே 5 ஆம் தேதியோடு முடிந்தது. மே 6 ஆம் தேதிக்கு இருவருக்கும் உம்ராச் சீட்டு எடுத்தார். ஏப்ரல் 29 வந்தது, போயிற்று, ஒன்றுமில்லை. மே 5 ஆம் தேதி பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது ஹைளு தொடங்கிற்று.

அந்த அம்மையார் விமானத்திலேயே இஹ்ராமுக்கு நிய்யத்துச் செய்துகொண்டு, மக்காவில் விடுதி அறையில் இஹ்ராம் நிலையிலேயே ஆறு நாள் இருந்தார்கள். கணவர் தம் உம்ராவை முடித்து, ஐவேளையும் ஹரமுக்குப் போய் வந்தார். 12 ஆம் தேதி குளித்துச் சுத்தமாகித் தவாபும் ஸயீயும் செய்தார்கள். 14 ஆம் தேதி விமானம் ஏறியாயிற்று. "எட்டு நாள் பயணத்தில் ஆறு நாள் வீண். தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டாளே!" என்றார் நண்பர். "தப்பாகச் சொன்னது யார்? அவர் தேதி சொன்னாரா, நீங்கள் கூட்டிக்கொண்டீர்களா?" என்று கேட்டேன். சற்று யோசித்தார். "நான்தான் கூட்டினேன். ஆனால் 28 நாள் என்பது உலகக் கணக்குத்தானே?" என்றார்.

மறுநாள் தம் வீட்டுச் சமையலறைக் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். களாச் செய்யவேண்டிய நோன்பைத் தெரிந்துகொள்வதற்காக அந்த அம்மையார் ஒவ்வொரு முறையும் முதல் நாளில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவந்தார்கள். அப்புள்ளிகள் வருமாறு: ஜனவரி 4, ஜனவரி 31, மார்ச் 3, ஏப்ரல் 1, மே 5, ஜூன் 2, ஜூலை 2.

இதைப் பார்த்தவுடன் நண்பர், "ஜனவரியில் இரண்டு முறை, பிப்ரவரியில் ஒன்றுமே இல்லை. இது ஒழுங்கா?" என்று கேட்டார். காலண்டர் மாதத்தை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கடை வாடகை மாதம் பிறந்தால் கொடுக்கவேண்டும். ஹைளுக்கும் மாதப் பிறப்புக்கும் அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஹைளின் சுற்று என்பது ஒரு முறை உதிரம் தொடங்கிய முதல் நாளிலிருந்து அடுத்த முறை தொடங்கும் முதல் நாள் வரை உள்ள இடைவெளி. உதிரம் நின்ற நாளிலிருந்து எண்ணுவது பலர் செய்யும் பிழை. சரியாக எண்ணினால் மேற்படி புள்ளிகளின் இடைவெளிகள் 27, 31, 29, 34, 28, 30 என்று வருகின்றன. ஆறு சுற்றுக்கு 179 நாள். சராசரி ஏறக்குறைய 30. ஆறில் ஒன்றே ஒன்றுதான் 28. மிகக் குறைந்தது 27, மிக நீண்டது 34, வித்தியாசம் 7.

இது நோயா? அல்ல. பன்னாட்டு மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர் கூட்டமைப்பு 2018 இல் வெளியிட்ட அளவுகளின்படி, வளர்ந்த பெண்ணுக்கு 24 நாள் முதல் 38 நாள் வரையுள்ள சுற்று இயல்பானதே. ஒரே பெண்ணின் சுற்றுகளிலும் ஏற்ற இறக்கம் உண்டு. 26 வயது முதல் 41 வயது வரை, குறைந்த சுற்றுக்கும் நீண்ட சுற்றுக்கும் இடையே 7 நாள் வரையும், அதற்கு இளையவர்க்கும் மூத்தவர்க்கும் 9 நாள் வரையும் வேறுபடுவது ஒழுங்கான சுற்று என்றே கொள்ளப்படும். உதிரம் 8 நாள் வரை நீடிக்கலாம். நண்பருடைய வீட்டாருக்கு வயது 38. அவர்களுடைய ஏடு ஒழுங்கான ஏடு. ஒழுங்கு என்றால் ஒரே எண் திரும்பத் திரும்ப வருவது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் 28 என்ற எண் எங்கிருந்து வந்தது? பாடப்புத்தகம் எழுதுவோருக்குப் படம் போட்டுக் காட்ட ஓர் எண் வேண்டியிருந்தது. நான்கு வாரம் என்பது வசதியான எண். 28 மாத்திரை கொண்ட கருத்தடை அட்டைகள் அந்த எண்ணை இன்னும் ஆழமாகப் பதித்துவிட்டன. அம்மாத்திரை உண்ணும் பெண்ணுக்கு நாள் தவறாமல் உதிரம் வருவது மாத்திரையின் கணக்கு. உடம்பின் கணக்கு அல்ல. பிறையின் மாதமாவது 28 நாளா என்றால் அதுவும் இல்லை. 29 அல்லது 30 என்பது நோன்பு பிடிக்கும் நமக்கு நன்றாகத் தெரியும்.

எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மின்னஸோட்டா பல்கலைக் கழக மாணவியரைக் கொண்டு 1934 இல் ஒரு பெரிய முயற்சி தொடங்கிற்று. ஒவ்வொரு பெண்ணும் தன் தேதிகளை ஆண்டுக்கணக்கில் குறித்து அனுப்பிவந்தாள். டாக்டர் டிரெலோர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2,700 க்கும் மேற்பட்ட பெண்களின் குறிப்புகளைத் தொகுத்து 1967 இல் வெளியிட்டார்கள். பருவமடைந்த தொடக்க ஆண்டுகளிலும், ஹைளு நின்றுபோவதற்கு முந்திய ஆண்டுகளிலும் ஏற்ற இறக்கம் மிகுதி. நடு ஆண்டுகளில் குறைவு. ஆனால் எந்த வயதிலும் அது முற்றாக நீங்குவதில்லை என்பது அவர்கள் கண்டது. 2019 இல் வெளியான மற்றோர் ஆய்வு, கைத்தொலைபேசியில் பெண்கள் பதிந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளை எடுத்துக்கொண்டது. சராசரி 29 நாளுக்குச் சற்று மேல். சரியாக 28 நாளில் முடிந்த சுற்றுகள் நூற்றுக்கு 13 மட்டுமே. நண்பர் நூற்றுக்கு 13 பங்கு வாய்ப்பை நம்பி விமானச் சீட்டு வாங்கியிருக்கிறார். சரக்குக் கொள்முதலில் இப்படிச் செய்வாரா என்று கேட்டேன், சிரித்துவிட்டார்.

இனி, நாட்கள் ஏன் கூடிக் குறைகின்றன என்பதைப் பார்ப்போம். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி இடும் கட்டளைப்படி, சினைப்பையில் ஒரு கருமுட்டை முதிரத் தொடங்குகிறது. அது முதிர்ந்து வெளிப்படும் வரை முதற்பகுதி. வெளிப்பட்ட பிறகு, கரு உண்டாகவில்லையானால், கருப்பையின் உட்படலம் உதிரமாகக் கழியும் வரை இரண்டாம் பகுதி. வெளிநாட்டு ஆலைக்கு நாம் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கிறோம். ஆலையில் சரக்கு தயாராகி முடிவதற்கு இத்தனை நாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நூல் கிடைக்கவில்லை என்பான், மின்சாரம் இல்லை என்பான். ஆனால் கப்பலில் ஏற்றியாயிற்று என்று தகவல் வந்துவிட்டால், துறைமுகத்துக்கு எப்போது வரும் என்பதை ஓரளவு திட்டமாகச் சொல்லிவிடலாம். முட்டை முதிரும் முதற்பகுதி ஆலை. முட்டை வெளிப்பட்ட பிந்திய பகுதி கப்பல். பிந்திய பகுதி பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டியே நிற்கும். முன்னும் பின்னும் சில நாள் மாறலாம். நாள் கூடுவதும் குறைவதும் மிகுதியாக முதற்பகுதியிலேதான். ஜப்பானிய மருத்துவர் ஓகினோ என்பவர் 1920 களில் இதைக் கண்டு, முட்டை வெளிப்படும் நாளை முந்திய ஹைளிலிருந்து முன்னோக்கி எண்ணக்கூடாது, அடுத்த ஹைளிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும் என்று நிறுவினார்.

கடும் காய்ச்சல், உறக்கக் கேடு, தூரப் பயணம், மனக்கவலை, திடீரென்று உடல் மெலிதல் அல்லது பருத்தல் ஆகிய இவையெல்லாம் மூளையின் கட்டளையைத் தாமதிக்கச் செய்யக்கூடியவை. ஊரில் மாமியாருக்குச் சுகமில்லை என்று தகவல் வந்த மாதத்தில் ஹைளு பத்து நாள் தள்ளிப்போவது அதிசயமல்ல. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு மாதக்கணக்கில் வராமலே இருக்கலாம். பருவமடைந்த பெண்பிள்ளைக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். தாய்மார் இதற்காகப் பதறிப் பிள்ளையைப் பதறவைக்க வேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு பலருக்குச் சுற்று முதலில் சற்றுச் சுருங்கி, பிறகு தாறுமாறாகி, ஐம்பதை ஒட்டிய வயதில் நின்றுபோகிறது.

நம் மார்க்கச் சட்டம் இதை எவ்வாறு கையாண்டிருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. பிக்ஹு நூல்களில் எங்கே தேடினாலும் சுற்று இத்தனை நாள் என்ற ஒரே எண் கிடைக்காது. எல்லைகள்தாம் உண்டு. ஷாஃபி மத்ஹபில் ஹைளின் மிகக் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும்; வழக்கமானது ஆறு அல்லது ஏழு நாள்; மிகக் கூடியது 15 நாள். ஹனஃபி மத்ஹபில் குறைந்தது 3 நாள், கூடியது 10 நாள். இரண்டு ஹைளுக்கு இடையிலுள்ள சுத்த காலம் குறைந்தது 15 நாள் என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. சுத்த காலத்தின் மிகக் கூடிய அளவுக்கோ எல்லையே கிடையாது. கடற்கரையூர்களிலிருந்து வந்த ஷாஃபிகளும் உள்நாட்டிலிருந்து வந்த ஹனஃபிகளும் நம் சங்கத்தில் கலந்திருக்கிறோம். கணவன் ஒரு மத்ஹபும் மனைவி ஒரு மத்ஹபுமாக உள்ள குடும்பங்களும் உண்டு. ஆகவே அவரவர் தம் மத்ஹபின் கணக்கை ஆலிம்களிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்த எல்லைகளை இமாம்கள் எங்கிருந்து எடுத்தார்கள்? ஷாஃபி மத்ஹபின் நூல்கள் இதற்கு 'இஸ்திக்ரா' என்ற சொல்லை ஆள்கின்றன. பலருடைய நிலையைத் தேடி விசாரித்து அறிதல் என்பது பொருள். அதாவது பெண்களிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்னதை ஏற்றுச் சட்டம் வகுத்தார்கள். மின்னஸோட்டாவுக்குப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இது நடந்திருக்கிறது.

தொடர்ந்து உதிரம் போகும் நோயுள்ள பெண்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து கேட்ட செய்திகள் ஹதீஸ்களில் உண்டு. அத்தகையவளுக்கு, நோய் வருவதற்கு முன் அவளுக்கு வழக்கமாக இருந்த நாட்களை எண்ணிப் பார்த்து, அந்த அளவுக்குத் தொழுகையை விட்டிருக்கும்படி கற்பித்தார்கள். பாத்திமா பின்து அபீஹுபைஷ் (ரலி) என்ற பெண்மணியிடம், அது ஹைளு அன்று, நரம்பிலிருந்து வரும் உதிரம் என்று விளக்கினார்கள். இதைத்தான் இஸ்திஹாளா என்கிறோம்; அந்நிலையில் பெண் தொழவும் நோன்பு நோற்கவும் வேண்டும். இங்கே கவனிக்கவேண்டியது, ஒருத்தியின் அளவை மற்றொருத்தியின் மேல் சுமத்தவில்லை என்பது. அவளுடைய 'ஆதத்து', அவளுடைய வழக்கமே அளவுகோல். அதை அறிய வேண்டுமானால் அவள் தன் நாட்களை அறிந்திருக்க வேண்டும்; காலண்டரில் வைத்த பென்சில் புள்ளி மார்க்க சம்பந்தமான காரியமாகிறது.

இத்தாவின் சட்டத்திலும் இதையே காண்கிறோம். கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் என்று திருமறை நாளைச் சொல்கிறது (2:234). ஹைளு நின்றுவிட்டவளுக்கும் இன்னும் வராதவளுக்கும் மூன்று மாதம் (65:4). ஆனால் ஹைளு வந்துகொண்டிருக்கும் பெண் தலாக் பெற்றால், மாதமும் சொல்லவில்லை, நாளும் சொல்லவில்லை; மூன்று 'குரூஉ' என்றே சொல்கிறது (2:228). அச்சொல் சுத்த காலத்தைக் குறிக்கும் என்பது ஷாஃபி மத்ஹபு, ஹைளைக் குறிக்கும் என்பது ஹனஃபி மத்ஹபு; எப்படியாயினும் கணக்கு அவளுடைய சுற்றைப் பொறுத்தது. 25 நாள் சுற்றுள்ளவளுக்கும் 35 நாள் சுற்றுள்ளவளுக்கும் மூன்று சுற்றில் 30 நாள் வித்தியாசம் வந்துவிடும். எல்லோருக்கும் 90 நாள் என்று விரல் மடக்கிச் சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இத்தா முடியுமுன் மறுமணப் பேச்சை நடத்திவிட்டுப் பின்னால் காதியார் முன் நின்று விழிப்பதும், முடிந்த இத்தாவை முடியவில்லை என்று சாதிப்பதும் இதனால் வருபவை. அதே 228 ஆவது வசனம், தங்கள் கருப்பைகளில் உள்ளதைப் பெண்கள் மறைக்கலாகாது என்கிறது. இதிலிருந்து, தன் ஹைளைப் பற்றி ஒரு பெண் சொல்வது நடக்கக்கூடிய அளவுக்கு உட்பட்டிருந்தால் அவள் சொல்லே ஏற்கப்படும் என்று சட்ட அறிஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். மார்க்கம் அவள் சொல்லை நம்புகிறது. நாம் காலண்டரை நம்பி அவளைச் சந்தேகிக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை செய்யாவிட்டால் பிழையாகிவிடும். மத்ஹபின் எல்லை தொழுகை, நோன்புக்காக வகுக்கப்பட்டது. உடல்நலத்துக்கு வைத்தியன் சொல்லும் எல்லை வேறு. 13 நாள் உதிரம் போனால் ஷாஃபி மத்ஹபுப்படி அது ஹைளுக்குள் அடங்கலாம்; அதற்காக உடம்பு நலமாக இருக்கிறது என்று ஆகாது. 8 நாளுக்கு மேல் அடிக்கடி நீடிக்குமானால் டாக்டரிடம் காட்டவேண்டும். வளர்ந்த பெண்ணுக்கு 24 நாளுக்குள் திரும்பத் திரும்ப வருதல், 38 நாளைத் தாண்டியே வழக்கமாக வருதல், மூன்று மாதம் வராதிருத்தல், மணிக்கு ஒரு துணி மாற்றும் அளவுக்குப் பெருகுதல், இடையிலோ தாம்பத்திய உறவுக்குப் பின்னோ உதிரம் காணுதல் ஆகியவற்றையும் காட்டவேண்டும். தைராய்டுச் சுரப்பியின் கோளாறு, சினைப்பையில் நீர்க்கட்டி நோய், கருப்பைக் கட்டி, இரத்தச் சோகை என்று காரணம் பலவாக இருக்கலாம். பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு. 15 வயது நிறைந்தும் பருவமடையாத பெண்பிள்ளையையும் காட்டவேண்டும். ஹைளு நின்று ஓராண்டு கழிந்த பின் ஒரு சொட்டு உதிரம் கண்டாலும், அது எவ்வளவு சிறிதாயினும், நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது. புற்றுநோய் அவ்வாறும் தலைகாட்டும். "இந்த வயதில் இதைப் போய் எப்படிச் சொல்வது?" என்று நம் தாய்மார் மறைத்துவிடுகிறார்கள்; மகன்மார்தாம் கேட்டறிந்து அழைத்துச் செல்லவேண்டும்.

நாள் தள்ளிப்போனால் நம் மக்கள் முதலில் போவது டாக்டரிடம் அல்ல, நாட்டு மருந்துக்கடைக்கு. அக்கடைகளில் பல நம்மவருடையவை என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. "வரவழைக்கும் மருந்து" என்று கேட்டுக்கொண்டு ஒரு பெண்ணோ, அவளுக்காக ஒரு பிள்ளையோ வந்து நின்றால், கஷாயப் பொட்டலத்தையோ ஜாமுப் போத்தலையோ எடுத்து நீட்டிவிடுகிறோம். அவள் கர்ப்பமாக இருந்தால்? நாள் தள்ளிப்போவதற்கு முதற்காரணம் கர்ப்பம் என்பதை மறக்கலாமா? முதலில் மூத்திரப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு வரும்படி சொல்லி அனுப்புங்கள். சில ஜாமுகளில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து விற்றதைச் சிங்கப்பூர்ச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். மலேசியாவில் பதிவுபெற்ற மருந்தின் மேல் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் மினுமினுக்கும் முத்திரை ஒட்டும் இருக்கும். அவை இல்லாத சரக்கை அலமாரியில் வைக்காமலிருந்தால் விற்பனை கொஞ்சம் குறையும், குறையட்டும்.

பிள்ளைப் பேற்றுக்கு ஏங்கும் வீடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 14 ஆம் நாளில்தான் கரு தரிக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, அதை ஒட்டி விடுமுறை எடுத்து ஊருக்குப் போய்வரும் சபராளிகளை அறிவேன். 35 நாள் சுற்றுள்ள மனைவிக்கு முட்டை வெளிப்படுவது ஏறக்குறைய 21 ஆம் நாள். கணவன் 16 ஆம் நாளிலேயே கப்பலேறி, இக்காலத்தில் விமானமேறித் திரும்பிவிட்டால் என்ன பயன்? முட்டை ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். ஆணின் வித்து ஐந்து நாள் வரை இருக்கக்கூடும். ஆகவே முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளுமே கரு தரிக்கும் காலம். இது தெரியாமல் மூன்று பயணம் வீணான பிறகு, "மலடி" என்ற பட்டம் அந்தப் பெண்ணின் தலையில் ஏறுகிறது. மறுமணப் பேச்சும் எழுகிறது. ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தரிக்கவில்லையென்றால் (மனைவிக்கு வயது 35 க்கு மேலானால் ஆறு மாதத்தில்) இருவரும் பரிசோதிக்கப்பட வேண்டும். இருவரும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். குறை ஆணிடத்தில் இருப்பதும் சாதாரணமாகக் காண்பதே. அவனுக்கான சோதனை எளிது, செலவும் குறைவு.

நண்பரின் உம்ராவுக்கு வருகிறேன். விடைபெறும் ஹஜ்ஜின்போது மக்காவுக்கு அருகிலுள்ள ஸரிஃப் என்னுமிடத்தில் ஆயிஷா நாயகியார் (ரலி) அவர்களுக்கே ஹைளு வந்தது, அழுதார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த காரியம் இது என்று ஆறுதல் சொல்லி, தவாபைத் தவிர ஹாஜிகள் செய்யும் மற்றெல்லாவற்றையும் செய்யும்படி கற்பித்தார்கள். அந்த ஆறு நாளில் நண்பருடைய வீட்டாரும் திக்ரு, துஆ, ஸலவாத்து எல்லாம் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நண்பர் அதை வீண் என்று கணக்கெழுதிவிட்டார்.

ஹைளைத் தள்ளிவைக்கும் மாத்திரை உண்டு. உடம்புக்குத் தீங்கில்லையானால் உண்ணலாம் என்று உலமாக்கள் பலர் கூறியுள்ளனர். தீங்குண்டா என்பதைச் சொல்லவேண்டியவர் டாக்டர். இரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் வேறு சிலருக்கும் அது ஆகாது. அதை எதிர்பார்க்கும் நாளுக்குச் சில நாள் முன்பே தொடங்கவேண்டும் என்பதால், 28 நாள் கணக்கை நம்பினால் அதுவும் காலைவாரும். உண்டும் சிலருக்குச் சிறிது உதிரம் கசிவதுண்டு. அப்போது என்ன செய்வது என்பதைப் பயணத்துக்கு முன்பே ஆலிமிடம் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.

அந்த அம்மையாருக்கு மாத்திரையில் விருப்பமில்லை. ஆகவே காலண்டரைக் கொண்டே கணக்கிட்டோம். கடைசிப் புள்ளி ஜூலை 2. மிகக் குறைந்த இடைவெளி 27; கூட்டினால் ஜூலை 29. மிக நீண்டது 34. கூட்டினால் ஆகஸ்டு 5. ஆகவே அடுத்த ஹைளு ஒரு தேதியில் அல்ல, ஜூலை 29 க்கும் ஆகஸ்டு 5 க்கும் இடையே எந்நாளிலும் தொடங்கலாம். ஆகஸ்டு 5 இல் தொடங்கினாலும் ஏழு நாள் கழித்து 12 ஆம் தேதி சுத்தம். ஜூலை 29 லேயே தொடங்கி, அதற்கடுத்த சுற்றும் 27 நாளாகவே சுருங்கினால், அடுத்தது ஆகஸ்டு 25. இரண்டு பக்கமும் மோசமானதை எடுத்துக்கொண்டாலும் ஆகஸ்டு 12 முதல் 24 வரை 13 நாள் மிஞ்சுகிறது. ஆறு சுற்றின் அனுபவம் ஏழாவதைக் கட்டுப்படுத்தாது. காய்ச்சல் வந்தால் எல்லாம் மாறும். ஆனாலும் ஒரே தேதியைக் குறிவைப்பதை விட இது எவ்வளவோ மேல்.

நண்பர் பேனாவை எடுத்து 12 க்கும் 24 க்கும் வட்டமிட்டார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராய், காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "முதலில் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுந்தார். அடுத்த வாரம் ஆகஸ்டு 14 க்கு இரண்டு சீட்டுப் பதிவாயிற்று.